வெயிலிடம் வேலை வாங்கிய வீடு

கெய்ரோவின் பழைய நகரத்தில், அல்-முஇஸ் தெருவிலிருந்து கிழக்கே பிரிகிறது தர்ப் அல்-அஸ்ஃபர் என்ற சந்து. அங்கே இருக்கும் பைத் அஸ்-ஸுஹைமி என்ற வீட்டை ஒருமுறை சுற்றிவந்தால், இஸ்லாமிய உலகத்தின் கட்டடக் கலை வெயிலோடு பழகிப் பழகிக் கற்ற பாடங்களில் பெரும்பகுதியை ஒரே கூரையின் கீழ் படித்துவிடலாம். 1648இல் ஷேக் அப்துல் வஹ்ஹாப் அத்-தப்லாவி இதைக் கட்டினார். 1796இல் இஸ்மாயீல் ஷலபி இன்னொரு பகுதியைச் சேர்த்துப் பெரிதாக்கினார். பின்னாளில் அல்-அஸ்ஹர் அறிஞர் அஹ்மத் அஸ்-ஸுஹைமியின் குடும்பத்துக்கு வந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

கெய்ரோவின் கோடைப் பகல் சாதாரணமாகவே 35 டிகிரியைத் தொடும். மழை அபூர்வம். ஆனால் அந்த ஊருக்கு மூன்று கொடுப்பினைகள் உண்டு. காற்று உலர்ந்தது. பகல் எவ்வளவு கொதித்தாலும் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கிவிடும். வடக்கிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் ஏமாற்றாது. நமக்குத் தென்றல் எப்படியோ, கெய்ரோவுக்கு வாடை அப்படி. இந்த மூன்றையும் முதலாக வைத்துக் கட்டிய வீடு இது. வெயிலைத் தடுக்கும் வீடுகள் எங்கும் உண்டு. இந்த வீட்டின் சாமர்த்தியம் வேறு: வெயிலை உள்ளே விடாமல் வெளியிலேயே நிறுத்தி, அதனிடமே வேலை வாங்குகிறது.

வாசலில் நுழைந்ததும் முற்றம் தெரிந்துவிடாது. நடை ஒரு திருப்பம் திரும்பித்தான் உள்ளே கொண்டுபோய் விடும். தெருவில் போகிறவர் கண் வீட்டுக்குள் விழக்கூடாது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அந்த வளைவில் தெருப் புழுதியும் சந்தடியும்கூட வேகம் இழந்துவிடுகின்றன.

திரும்பியதும் முற்றம். நாலு பக்கமும் மாடிச் சுவர் எழும்பி நிற்கும் ஆழமான இடம். இதன் வேலை இரவில்தான் தொடங்குகிறது. பாலைவனத்தின் தெளிந்த வானத்துக்குக் கீழே மொட்டைமாடிகளும் சுவர்களும் பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, முற்றத்துக்குள் இறங்கிப் படிகிறது. அங்கிருந்து சுற்றிலும் உள்ள அறைகளுக்குள் கசிகிறது. பொழுது விடிந்து வெயில் ஏறினாலும் முதலில் சுவரின் மேல்விளிம்பில்தான் விழும். தரைவரை அது இறங்கி வருவதற்குள் காலை கழிந்துவிடும். மேலே ஓடும் சூடான காற்று, கீழே கனத்துக் கிடக்கும் குளிர்ந்த காற்றை எளிதில் கலைத்துவிட முடியாது. நேற்றிரவின் குளிர்ச்சியை இன்று பிற்பகல்வரை வைத்துச் செலவு செய்கிற முற்றம் இது.

எல்லா முற்ற வீடுகளுக்கும் இது பொது. இனி வருவது இந்த வீட்டின் தனிச் சிறப்பு.

முற்றத்துக்கும் வீட்டின் பின்னால் இருக்கும் தோட்டத்துக்கும் நடுவே, தரைத்தளத்தில், மேலே மாடி தாங்கிய ஒரு திறந்த அமர்விடம் இருக்கிறது. பெயர் தக்தபூஷ். முற்றத்துப் பக்கம் முழுக்கத் திறப்பு. தோட்டத்துப் பக்கம் மரச் சல்லடை. விருந்தினரோடு வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசும் இடம். பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் இரண்டு வெளிகளின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். முற்றம் சின்னது, ஆழமானது, நிழல் நிறைந்தது. தோட்டம் பெரியது, அகன்றது, வெயிலுக்கு மார்பைக் காட்டிக் கிடப்பது. உச்சிவெயிலில் தோட்டத்துக் காற்று சூடேறி மேலே எழுகிறது. எழுந்த இடத்தை நிரப்ப வேறு காற்று வந்தாக வேண்டும். அதற்கு இருக்கும் சுருக்கமான வழி தக்தபூஷ். முற்றத்தில் தேங்கிய குளிர்ந்த காற்று அதன் வழியே தோட்டத்தை நோக்கி நகர்கிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் மேல் ஓயாமல் ஒரு மென்காற்று படுகிறது.

இலை அசையாத நாளிலும் இது நடக்கும். வெளியே காற்று வீச வேண்டிய அவசியமில்லை. வெயில் அடித்தால் போதும். வெயில் ஏற ஏற இரண்டு வெளிகளுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் ஏறும், காற்றோட்டமும் கூடும். விசிறி எப்போது அதிகம் தேவையோ அப்போதே அதிகம் சுழல்கிறது. தோட்டத்தையும் நிழலாக்கி, முற்றத்தைப் போலவே குளிரச் செய்திருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படிச் செய்திருந்தால் காற்று நின்றுபோயிருக்கும். வீட்டின் ஒரு பகுதி சுட வேண்டும் என்று தெரிந்தே விட்டுவைத்ததில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. தோட்டத்துப் பக்கச் சல்லடையும் காரணத்தோடு வைத்தது: வெளிச்சத்தின் கூச்சத்தை வடிகட்டும், காற்றை மட்டும் விடும்.

மாடிக்குப் போகலாம். வீட்டின் புகழெல்லாம் அங்குள்ள மஷ்ரபிய்யாக்களால் வந்தது. சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் மரச் சாளரங்கள். கடைசல் பிடித்த சின்னச் சின்ன மர உருண்டைகளை ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய சல்லடைகள். ஒரு சாளரத்திலேயே ஆயிரக்கணக்கில் துண்டுகள் இருக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு துண்டின் முனையில் முளை, அடுத்ததன் உடலில் துளை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இவ்வளவு சின்னத் துண்டுகள் எதற்கு? எகிப்தில் நல்ல மரம் அருமை. பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டும். பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகளும் இந்தக் கடைசலுக்கு ஆகும். உலர்ந்த ஊரில் பெரிய பலகை வெயிலில் சுருங்கி வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். ஆயிரம் துண்டாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் இணைப்புக்குள் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் உப்பி, தன்னளவில் சமாளித்துக்கொள்ளும். மரத்தின் பற்றாக்குறையும் மரத்தின் இயல்பும் சேர்ந்து வகுத்த வடிவம் இது. அழகு அதற்குள்ளேயே பிறந்தது. மேலே பூசியது ஒன்றுமில்லை.

இனி அந்த உருண்டையைக் கவனிக்கலாம். தட்டையான கம்பியாலான சல்லடை வழியாக வெயிலைப் பார்த்தால், பளீரென்ற வெளிச்சமும் கருத்த கோடும் மாறி மாறி வந்து கண்ணைக் குத்தும். உருண்டையின் வளைந்த உடல் அப்படிச் செய்வதில்லை. ஒளி அதன் மேல் விழுந்து வழியும். பிரகாசத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கும். இரண்டு உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் வெளிச்சத்தின் ஓரம் மழுங்கிவிடுகிறது. கூச்சம் இல்லை, இருட்டும் இல்லை. வளைவை வெறும் மரவேலை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனால் இது பிடிபடாது.

அடுத்த நயம் இடைவெளிகளில். பல மஷ்ரபிய்யாக்களில் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், பின்னல் நெருக்கமாக இருக்கும். மேலே போகப்போக இடைவெளி பெரிதாகும். கண் இருக்கும் இடத்தில் கூச்சமும் வெளிப் பார்வையும் கூடாது, அதனால் நெருக்கம். ஆனால் நெருக்கிப் பின்னினால் அறை இருண்டுவிடும், காற்றும் குறைந்துவிடும். அந்தக் குறையை மேற்பகுதி ஈடுகட்டுகிறது: வெளிச்சம் மேலிருந்து வந்து கூரையில் பட்டு அறைக்குள் பரவும், காற்றும் அங்கே தாராளமாக நுழையும். உச்சிக் கதிரைத் தடுக்க அதற்கும் மேலே ஒரு மரத் தாழ்வாரம். ஒரே சாளரத்துக்குள் மூன்று வேலைகளுக்கு மூன்று ஏற்பாடு.

வெளியே துருத்தி நிற்பதற்கும் பலன் உண்டு. சுவரோடு ஒட்டிய சன்னல் முன்னால் வரும் காற்றை மட்டுமே வாங்கும். இது மூன்று பக்கத்திலிருந்தும் வாங்குகிறது. கீழே சந்தில் நடப்பவருக்கு நிழலும் கொடுக்கிறது. சாளரத்துக்குள் காற்று படும் இடத்தில் மண் குடத்தை வைப்பார்கள். குடத்தின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி, குடிநீரையும் அதைத் தொட்டு வரும் காற்றையும் குளிர்விக்கும். மரமும் சும்மா இருப்பதில்லை. ஈரம் கூடிய இரவுக் காற்றிலிருந்து அதன் நார்கள் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பகல் வெயிலில் சூடானதும் அந்த ஈரத்தைத் தன்னைக் கடந்துபோகும் உலர்ந்த காற்றுக்குக் கொடுத்துவிடும். இங்கேயும் வேலையாள் வெயில்தான்.

மறைப்பின் கணக்கும் வெளிச்சத்தின் கணக்கே. வெளியே பளீரென்று இருக்க, உள்ளே மங்கலாக இருந்தால், உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும். தெருவுக்கு உள்ளிருப்பவர் தெரியமாட்டார். இரவில் உள்ளே விளக்கேற்றினால் இது தலைகீழாகும். இந்தச் சல்லடைக்குப் பின்னால் இருந்த பெண்களின் வாழ்க்கையை வெறும் ஒளியியலாகப் பேசி முடித்துவிட முடியாது. காணாமல் காணும் உரிமையைக் கொடுத்த அதே சாளரம், காண்பதோடு நின்றுகொள் என்றும் சொன்னது. வேலைப்பாட்டை ரசிக்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

வீட்டின் பெரிய கூடத்துக்குக் காஆ என்று பெயர். நடுவில் கூரை மிக உயர்ந்த சதுர வெளி, துர்காஆ. இரு பக்கமும் அதைவிடத் தாழ்ந்த கூரையோடு, ஒரு படி உயர்ந்த தரையோடு ஈவான்கள். உட்காருவது ஈவானில். உயரம் முழுவதும் நடுவெளிக்கு. சூடான காற்று போய்ச் சேர்வதற்கான இடம் அது. உச்சியில் சாளரங்கள் வைத்த மரக் கூடு இருக்கும். வெயிலில் அது காய்ந்து, உள்ளே எழுந்த காற்றை இன்னும் வேகமாக மேலே இழுத்து வெளியேற்றும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றைப் பிடிப்பது மல்கஃப். கூரைக்கு மேலே எழுப்பிய காற்றுப்பொறி. வாய் வடக்கு நோக்கித் திறந்திருக்கும். இதைத் துல்லியமாகப் பார்க்க, பழைய கெய்ரோவிலேயே இருக்கும் 14ஆம் நூற்றாண்டின் முஹிப்புத்தீன் கூடத்துக்குப் போக வேண்டும். கூரை உயரத்தில் ஓடும் காற்று தெருக்காற்றைவிட வேகமானது, புழுதி குறைந்தது. மல்கஃப் அதை வளைத்துப் பிடித்து வடக்கு ஈவானுக்குள் இறக்குகிறது. அங்கே அது வேகம் குறைந்து, உட்கார்ந்திருப்பவர்களைத் தொட்டு, நடுவெளிக்கு வந்து, சூடேறி, மேலே எழுந்து போய்விடுகிறது. இறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி. காற்று நின்ற நாளிலும், உச்சியில் காயும் வெயில் இழுவையை விடாமல் வைத்திருக்கும். காற்றுப்பொறி இஸ்லாமியர் கண்டுபிடித்ததல்ல; பண்டைய எகிப்தின் கல்லறை ஓவியங்களிலேயே அது இருக்கிறது. வந்ததை வாங்கி, கூடத்தின் வடிவத்தோடு பொருத்தி, ஒரு முழுமையான ஏற்பாடாக ஆக்கியது இவர்கள் கைவண்ணம்.

இத்தகைய கூடங்களில் காற்று போகும் பாதையில் நீரும் காத்திருக்கும். நடுவெளியின் தரையில் பளிங்குத் தொட்டி, அதில் சின்ன நீரூற்று. பீச்சியடிக்க நீரின் அழுத்தம் போதாத இடங்களில் சல்சபீல் வைத்தார்கள்: அலை அலையாகச் செதுக்கிய சாய்ந்த பளிங்குப் பலகை. அதன் மேல் நீர் மெல்லிய படலமாக இறங்கும். செதுக்கிய அலைகள் நீரைத் தயங்க வைத்து, பரப்பை விரிக்கின்றன. விரிந்த பரப்பிலிருந்து கூடுதலாக ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒன்றரை டன் ஏசி முழு வீச்சில் ஏழரை நிமிடம் ஓடி அகற்றும் வெப்பம் அது. நீர் அழுத்தம் போதவில்லை என்ற குறையிலிருந்து இப்படி ஒரு சிற்பம் கிடைத்திருக்கிறது.

மாடி முகப்பில், முற்றத்தைப் பார்த்தபடி, வடக்குக் காற்றை நேரே வாங்கும் திறந்த மண்டபம் ஒன்று உண்டு, மக்அத். கோடை மாலைக்கு அது. இப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு பொழுதுக்கும் பருவத்துக்கும் ஓர் இடம் இருந்தது. வீடு முழுவதையும் 24 டிகிரியில் நிறுத்திவைக்க எவரும் முயலவில்லை. இதமான இடம் வீட்டுக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது. மனிதர்கள் பாயையும் திண்டையும் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனார்கள்.

இதற்கெல்லாம் விலை இருந்தது. இவ்வளவு மனை, இவ்வளவு கடைசல், குடம் நிரப்ப ஆள் எல்லாம் வசதி படைத்தவர்களுக்கே வாய்க்கும். கட்டியவர் ஏழை அல்லர். இந்த அறிவை ஏழைகளுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989). லக்ஸருக்கு அருகே 1945இல் நியூ குர்னா கிராமத்தைப் பச்சை மண் கற்களால் கட்டத் தொடங்கினார். அங்கே பள்ளியின் காற்றுப்பொறிக்குள் ஈரக் கரி நிரப்பிய தட்டுகளை வைத்துக் காற்றைக் குளிர்வித்தார். குடியேற வேண்டிய கிராமத்தார் பலர் பழைய இடத்தை விட்டு வர மறுத்தார்கள். கிராமம் அவர் நினைத்தபடி நிறையவில்லை. ஆனால் தக்தபூஷும் மல்கஃபும் மஷ்ரபிய்யாவும் எப்படி இயங்குகின்றன என்று இயற்பியலின் மொழியில் எழுதிவைத்தவர் அவர்தான். 1986இல் வந்த அவருடைய நூல், மஷ்ரபிய்யாவுக்கு ஐந்து வேலைகளைக் கணக்கிடுகிறது: ஒளியை அளந்து விடுவது, காற்றோட்டத்தை நெறிப்படுத்துவது, காற்றைக் குளிர்விப்பது, அதற்கு ஈரம் கொடுப்பது, மறைப்பு.

அந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கட்டடங்களைப் பார்க்கலாம். 2012இல் அபுதாபியில் முடிந்த அல் பஹ்ர் கோபுரங்கள் சுமார் 145 மீட்டர் உயரம். ஒவ்வொரு கோபுரத்தின் மேலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மடிப்புக் குடைகள், கணினியின் கட்டளைப்படி சூரியனைத் தொடர்ந்து விரிந்து மடிகின்றன. உள்ளே புகும் வெயில் வெப்பத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக வடிவமைத்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய சாதனைதான். ஆனால் குடைகளுக்குப் பின்னால் இருப்பது மூடிய கண்ணாடி. ஐந்து வேலைகளில் ஒளியை அளப்பது மட்டும் நடக்கிறது. காற்றும் ஈரமும் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதிலும் கீழே இறங்கினால், எட்டு முனை நட்சத்திரத்தை உலோகத் தகட்டில் வெட்டிக் கண்ணாடிச் சுவரில் மாட்டும் வழக்கம். தகட்டுக்கு வளைவு இல்லை, அதனால் கூச்சம் குறைவதில்லை; ஈரம் வாங்கும் நாரும் இல்லை. உருவம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

உருவத்தைக் காப்பியடிப்பது பழைய கட்டடக்காரர்களின் வழக்கமே இல்லை என்பதற்கு வேறு இரண்டு ஊர்கள் சாட்சி. செங்கடல் ஓரத்து ஜித்தாவில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. நீரை ஆவியாக்கிக் குளிர முடியாது. இரவும் அவ்வளவு இறங்காது. அதனால் ஊரின் பழைய பகுதியான அல்-பலதின் வீடுகள் குளிரைத் தேக்கும் முற்றத்தை நம்பாமல், பவளக் கல்லில் பல மாடிகளாக உயர்ந்து, கடற்காற்றைத் தேடிப் போகின்றன. முகப்பில் ரவாஷீன் என்ற பெரிய மரச் சாளரங்கள் மாடிக்கு மாடி அடுக்காக ஏறும். பார்வைக்கு மஷ்ரபிய்யாவின் உறவு; வேலை, கிடைக்கிற காற்றையெல்லாம் உள்ளே விடுவது.

ஈரானின் யஸ்த் இன்னொரு கோடி. பாலைவன நகரம், பல திசைகளிலிருந்தும் காற்று வரும். கெய்ரோவின் ஒரு வாய் மல்கஃப் அங்கே போதாது. நாலு பக்கமும், சிலவற்றில் எட்டுப் பக்கமும் வாய் திறந்த பாத்கீர் கோபுரங்கள் எழுந்தன. 18ஆம் நூற்றாண்டின் தௌலதாபாத் தோட்டத்தில் இருக்கும் எண்கோண பாத்கீர் 33 மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே செங்குத்தான தடுப்புகள் அதைப் பல குழல்களாகப் பிரிக்கின்றன. காற்று வரும் பக்கத்துக் குழல்கள் இறக்கும், எதிர்ப்பக்கத்துக் குழல்கள் இழுத்து வெளியேற்றும். இறங்கும் காற்று கீழே நீர்த் தொட்டியைத் தொட்டு அறைகளுக்குப் போகும்.

மூன்று ஊர்கள், ஒரே மார்க்கம், மூன்று விடைகள். பொதுவாக இருந்தது கேள்விகள்: காற்று எந்தத் திசையிலிருந்து வரும், இரவு எவ்வளவு குளிரும், காற்றில் ஈரம் எவ்வளவு, கைக்கு எட்டுவது என்ன மரம், என்ன கல்? நிலைத்து நிற்கும் வடிவமைப்பு என்று இன்று பேசுகிறவர்களும் பெரும்பாலும் இவற்றைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்காமல் விடுகிற ஒன்றைத் தக்தபூஷ் கேட்டது: எந்த இடத்தைச் சுட விட்டால் எந்த இடம் குளிரும்? ஏசியும் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத்தான் தள்ளுகிறது. தள்ளிய வெப்பத்தைச் சந்தில் கொட்டிவிட்டு, அதைத் தள்ளுவதற்கும் மின்சாரக் கட்டணம் வாங்குகிறது. வெளியே வீணாகும் அந்தச் சூட்டுக்கு ஒரு வேலை கொடுப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்கும் வரைபடம்தான், ஒரு மஷ்ரபிய்யாகூட வரையாமலே, இந்த வீட்டின் உண்மையான வாரிசாகும்.